காவலுக்கு ஒருத்தர்

இன்னமும் எனக்கு மூத்தவளாகவே இருக்கும் என் அக்காவுக்கு,

புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. கலாநிதிப் பட்டத்துக்கு மூன்றரை வருடம் வெளிநாடு போய்ப் படிக்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று நாளை வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் இந்நேரம் நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாக ஓடிச் சொல்லியிருப்பாய். எனக்கோ கடிதத்தைத் திறந்த நாளிலிருந்து பயமாக இருக்கிறது.

பயமா, உனக்கா என்று நீ சிரிப்பாய். ஆமாம், எனக்குத்தான். தகரக் கூரையில் நாலு துளி விழுந்தாலே எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்க்கிறேன். ரோட்டில் லொறி இரைந்தால்கூட வெளியே ஓடிவந்துவிடுகிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூடத் தேவையில்லை, பட்டப்பகலே போதும்.

என்னதான் படிக்கிறாய் என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய். முறைமைப் பகுப்பாய்வு என்றால், பேரைச் சொல்லவே ஒரு பட்டம் வேண்டும் என்பாய். ஒரு காரியம் கெட்டுப்போனால் அதற்கு ஒரு ஆளைப் பிடித்துத் திட்டாமல், யார் யாருக்காகக் காத்திருந்தார்கள், எது தாமதமானது, அந்தத் தாமதம் சுற்றி வந்து வேறு எதைக் கெடுத்தது என்று பெட்டியும் அம்புமாக வரைந்து பார்ப்பது. அவ்வளவுதான். "கொழுந்து வாடிப்போனா, வேல வாங்குற கண்டாக்கையா யாரு தப்புன்னு பாப்பாரு. நீ எங்க தப்புன்னு பாக்குற. இதுக்கு எதுக்குடி வெளிநாடு?" என்று கேட்டாய். கம்பஸில் இத்தனை வருடம் படிப்பித்தும் அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

நான் எடுத்துக்கொண்டது மண்சரிவு எச்சரிக்கை. மழை கூடியதும் மேலிடத்திலிருந்து ஒரு செய்தி புறப்படுகிறது. அது கிராம சேவகருக்கு வந்து, தோட்டத்து ஆபீசுக்கு வந்து, தொழிற்சங்கத் தலைவர் வழியாக லயத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்கெங்கே நிற்கிறது என்று வரைந்திருந்தேன். கடைசிப் பெட்டியில் 'மக்கள் வெளியேறுகிறார்கள்' என்று எழுதியிருந்தேன். அந்தப் பெட்டி பொய், அக்கா.

நம் லயத்தில் எல்லோரும் எப்போது வெளியேறியிருக்கிறோம்? குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கும் பத்துக் காம்பராவையும் பூட்டிவிட்டு மேலே பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் காவலுக்கு ஒருத்தர் இருந்தே தீர வேண்டும். காம்பரா நம் பேரில் இல்லை. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் கையில் ஒரு காகிதம் கிடையாது. ஆளில்லாத லயம் என்று ஆகிவிட்டால் தோட்டத்தை நடத்தும் துரை திரும்பத் தரமாட்டார், வேறு யாரையாவது குடிவைத்துவிடுவார் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு காம்பராவின் முறை. அப்பா இருந்த காலத்தில் அவரும் காவல் இருந்தவர்தான். வெளியிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்பவர் யாராவது முதல் நாளே இதைக் கேட்டிருப்பார். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் என்பதாலேயே எனக்கு அதை வரையத் தோன்றவில்லை.

போன வருடம் அன்று எச்சரிக்கை வந்தபோது நம் காம்பராவின் முறை. அதற்கு முந்தின தடவை நீ இருந்தாய், அதனால் நான்தான் இருந்திருக்க வேண்டும். அம்மா கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். நான் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து இந்தப் புலமைப்பரிசிலுக்கான விண்ணப்பத்தை அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. நாலு மணியோடு நேரம் முடிகிறது. நீ குடையை என் கையில் திணித்தாய்.

"நீ மேல போ புள்ள. பள்ளிக்கூடத்துலதான் சிக்னல் இருக்கு. நான் இருந்துக்கிறேன், மழை இப்ப விட்டுரும்."

போனேன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட விறாந்தையில் நின்று விண்ணப்பத்தை அனுப்பினேன். நான் வரைந்த படத்தில் எல்லோரும் வெளியேறியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் லொறியிலிருந்து கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. கீழே பார்த்தபோது கடைசி மூன்று காம்பரா இல்லை. நம்முடையது அதில் நடுவில் இருந்தது.

அது என் முறை என்பதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தோடுதான் இந்த ஒரு வருடமும் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

நேர்முகப் பரீட்சை இணையத்தில் நடந்தது. பசாரில் முஸ்லிம் கடைக்கார நானா தன் கடையின் மேல்மாடியைத் திறந்துவிட்டு, யாரும் சத்தம் போடாமல் படியிலேயே காவல் நின்றார். திரையில் மூன்று பேராசிரியர்கள். அதில் ஒரு அம்மா, செய்தி கிடைத்ததும் எல்லோரும் போய்விடுவார்களா என்று கேட்டார். இல்லை, ஒருவர் இருப்பார் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். சில சமயம் செத்துப்போவார்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பில் நீ பேரில்லாமல் இருக்கிறாய். அந்த ஒரு பதிலுக்காகத்தான் எனக்கு இது கிடைத்ததோ? நினைத்தாலே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

இப்போது எங்களுக்கு மேல் லயத்தில் ஒரு காம்பரா கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்து மண்திட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறது. நான் போய்விட்டால் நம் முறை வரும்போதெல்லாம் அம்மாதான் இருக்க வேண்டும். ஹட்டனில் ஒரு அறை வாடகைக்குப் பார்க்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். காம்பராவை விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டுவிட்டு விறகை அடுக்கப் போய்விட்டாள். உன்னைப் பறிகொடுத்த பிறகுமா அக்கா? அங்கே யாரோ ஒருவர் கண்ணாடி அறையில் எனக்கு எச்சரிக்கை பற்றிப் படிப்பிக்கும்போது இங்கே அம்மா அந்த வெடிப்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். இதற்குப் பயப்படாமல் வேறு எதற்குப் பயப்படுவது?

இன்று காலை மருத்துவச் சான்றிதழ் வாங்க நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். மத்தியானம் போனில் எச்சரிக்கை வந்தது, நம் பகுதியின் பேரோடு. இன்று நம் முறை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மணி போகவில்லை. ஹட்டனில் பஸ் மாறும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். பொகவந்தலாவை பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனது. பக்கத்தில் இருந்த சிங்கள அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ ஆறுதல் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. அப்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"நாந்தான். தலைவர் போன்ல பேசுறேன். பள்ளிக்கூடத்துல இருக்கேன்."

"இன்னிக்கி நம்ம மொறை இல்லையாம்மா?"

"நம்ம மொறைதான். நான் இருக்கல. கதவ தெறந்து போட்டுட்டு, ஒங்கக்கா போட்டோவ மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். காம்பரா போனா போகட்டும்."

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு அவளே சொன்னாள்.

"அன்னிக்கி நீ கொடையோட மேல வந்தப்பவே மொறை மாறிருச்சுன்னு எனக்குத் தெரியும்டி. ஒன்னைய பாத்த நிம்மதியில அவளையும் கூப்புடணும்னு எனக்குத் தோணல."

பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன் அக்கா. எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. உனக்காவது தோன்றியதா, நீயும் எழுந்து வந்துவிடலாம் என்று?

இதை அதே பள்ளிக்கூட விறாந்தையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அம்மா உள்ளே பெஞ்சியில் உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிறாள். துரை என்ன சொல்வாரோ என்று இரண்டு பேர் அவளோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ஆனாலும் யாரும் கீழே இறங்கவில்லை. மழை விடவில்லை. இங்கிருந்து பார்த்தால் நம் கதவு திறந்தபடி தெரிகிறது. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக லயத்தில் ஒருத்தர்கூட இல்லை.

சற்று முன்னால் இங்கிருந்தே பதிலை அனுப்பினேன். வருகிறேன் என்று எழுதினேன். பயம் போகவில்லை. அடுத்த மழைக்கு அம்மா மனசு மாறிவிட்டால்? அடுத்த முறை வேறு காம்பராவாக இருந்தால்? இந்தப் பயத்தையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போகிறேன். காம்பராவுக்கு ஒரு காகிதம் இல்லாதவரை எந்த எச்சரிக்கையும் லயத்துக்கு முழுதாக வந்து சேராது என்பதை அவர்கள் முன்னால் வரைந்து காட்டப்போகிறேன். அந்தக் கடைசிப் பெட்டியைப் பொய்யில்லாமல் எழுதும்வரை உனக்கு ஓய்வு கொடுக்கமாட்டேன், எனக்கும்தான். முதல் பக்கத்தில் உன் பேர் இருக்கும், அது யாருடைய முறை என்பதும் இருக்கும்.

அன்று அங்கே இருந்திருக்க வேண்டிய,
உன் தங்கச்சி.