திண்டிவனம் டாக்டரிடம் சொன்ன வலி

கண்டாச்சிபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு அம்சாவுக்கு,

உன் கணவன் கோதண்டபாணி எழுதுவது. நானும் மாடுகளும் சௌக்கியம். உன் இடுப்பும் காலும் எப்படி இருக்கின்றன என்று போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் உன் அக்கா சித்ரா எப்போது பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். புருஷன் பேசுவதைத் திண்டிவனமே கேட்க வேண்டுமா? அதனால்தான் மல்லாட்டைப் பையோடு இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை விழுப்புரத்தில் பஸ் மாறித் திண்டிவனம் ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேனே, அன்றிலிருந்து மனசு சரியில்லை. இடுப்பில் உளுந்து மாவால் அணை கட்டி, வெதுவெதுப்பான எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள் என்றாய். வெளியே வந்தபோது உன் முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தை நான் பார்த்து வெகுநாளாகிறது.

பிறகு டாக்டர் அறிவுச்செல்வன் உன்னைப் படுக்கவைத்துக் காலை நீட்டித் தூக்கச் சொன்னார். பாதியிலேயே பல்லைக் கடித்தாய். எவ்வளவு நாளாக என்று கேட்டார். "மூணு வருசமா இருக்குதுங்க. இடுப்புலேந்து குதிகால் வரைக்கும் கரண்டு அடிச்சிக்கினு போவுது" என்றாய். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். ஒரே வீட்டில் சோறு தின்கிறவனுக்குத் தெரியாதது, நேற்று வந்த டாக்டருக்குத் தெரிகிறது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

வாதம் இடுப்பில் கெட்டுக் காலில் இறங்குகிறதாம். கழுகு நடப்பதுபோல நடை மாறுவதால் கிருத்ரசி என்று பெயராம். ஆறிய சோறு, பட்டினி, நாளெல்லாம் குத்துக்காலிட்டு மல்லாட்டைச் செடியிலிருந்து கடலையை ஆய்வது, எல்லாம் காரணம் என்றார். கழனியில் ஒதுங்க மறைவில்லாமல் பொழுது சாயும்வரை நீ அடக்கிக்கொள்வதும்தானாம். அதைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறாய்!

ஆடியிலிருந்து கட்டிலை விட்டுத் தரையில் படுத்தாயே. என்மேல் கோபம் என்று நினைத்து நானும் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். கயிறு தொய்ந்த கட்டிலில் இடுப்பு தாங்கவில்லை என்று அன்றைக்கு அவரிடம் சொல்கிறாய். என்னிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா?

மல்லாட்டை ஆய ஆள் வைத்துவிட்டேன். கழனிக் கொட்டகைக்குப் பின்னால் தகரம் அடித்து மறைப்பும் கட்டியாயிற்று. மாட்டுக்கா என்று பக்கத்துக் கழனி வீரமுத்து கேலி செய்தான். நான் அடுத்த ஆணியை அடித்தேன்.

இன்னும் ஒரு மாதம் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறாள் சித்ரா. பத்தியம் முடியட்டும் என்கிறார் டாக்டர். நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மன் புண்ணியத்தில் நன்றாகக் குணமாகி வா. நிதானமாக வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. வந்த பிறகு மறுபடி வலித்தால், திண்டிவனத்துக்குப் போன் போடும் முன்னால் என்னைக் கூப்பிடு. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் உனக்கு எங்கே வலிக்கிறது என்பது முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்,
கோதண்டபாணி