பொந்துக்குள் விட்ட தண்ணீர்

ஐப்பசி 3. புதன். நல்ல வெயில்.
மகள் பூரணத்தோடு மலாயாவிலிருந்து வந்த மருமகன் பழைய பஸ் ஒன்றை வீடாக்கி வளவுக்குள் கொண்டுவந்து விட்டார். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவப் பீங்கான் தொட்டி. அங்கே ஒரு வெள்ளைக்காரனிடம் கண்டதாம். மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் என் அடுப்படிக்குள் ஏறாது என்று பூரணத்திடம் சொன்னேன். அதனால் இருவருக்கும் பஸ்ஸில் குடித்தனம். தொட்டித் தண்ணீர் குழாயால் முற்றத்தில். மீன் செதில், சோறு, காகம்.
பூரணத்தின் தகப்பன் சாகக் கிடந்தபோது தந்தி அடித்தும் அவளை அனுப்பாத மனுசன். பதினொரு வருடம் அவரோடு ஒரு சொல் இல்லை. இனியும் இல்லை.

ஐப்பசி 5.
வெங்காயம் பரணில் ஏற்றியாயிற்று. வேலி பாதிதான் அடைத்தது.
மருமகன் முற்றத்தில் நின்று, "தண்ணியை வாழைக்கு விடுவமே மாமி?"
நான் பூரணத்தைப் பார்த்து: "கோயிலுக்கு இலை வெட்டிற வாழை. மச்சத் தண்ணி ஆகாதெண்டு சொல்லு."
"அப்ப எங்கையாம்?" என்றாள்.
"வேலிக்கரைக் கல்லுப் பொந்துக்குள்ளை விடட்டும்."
"நாலு முழத்திலை நிக்கிற மனுசனுக்கு நான் தபால்காரியே அம்மா?" சிரித்தாள். சொன்னாள்.

ஐப்பசி 6.
றப்பர் குழாய் பொந்துக்குள். எவ்வளவு விட்டாலும் குடிக்கிறது. ஈரமில்லை, நாற்றமில்லை. "மாமிக்கு இஞ்சினியர் மூளை" என்றாராம். காது கொடுக்கவில்லை.
அவர் குடிப்பது தேத்தண்ணீர்தான். பூரணம் கிணற்றடியில் செம்போடு, பச்சைத் தண்ணீர். "மலாயா முழுக்கத் தேடினாலும் உந்தத் தண்ணி இல்லை அம்மா."

ஐப்பசி 13.
மூன்று நாளாக அடைமழை. மல்லி காயவில்லை. கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. வாளியில் சவர்க்கார நுரை. கிணற்றடியில் துணி தோய்த்தாள் என்று பூரணத்தை ஏசினேன். "நான் தோய்க்கேல்லை." நம்பவில்லை.

ஐப்பசி 23.
பூரணத்துக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல். நாக்கு வெள்ளை. கைபார்த்த பரியாரியார் நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) என்கிறார். "பிள்ளை என்ன தண்ணி குடிச்சது?" கிணற்றுத் தண்ணீர்தான். நானும் அதைத்தான் குடித்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

ஐப்பசி 24.
காலை வாளியில் மீன் செதில். விரலில் ஒட்டியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.
எனக்கு எட்டு வயது. என்னைப் பெற்ற ஐயா இதே வளவில் அந்தப் பொந்துக்குள் ஒரு கடகப்பெட்டி உமி கொட்டினார். மறுநாள் கிணறு நிறைய உமி. "உது கிணத்தோடை கதைக்கிற பொந்து பிள்ளை. உதுக்குள்ளை ஒண்டும் போடாதை."
என் கல்யாணத்தில் முகம் திருப்பிக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவர் பெயரும் தெரியும். இது மட்டும் எங்கே போனது?

ஐப்பசி 27.
மருமகனும் செதிலைக் கண்டுவிட்டார். குழாயை வெட்டி எறிந்தார். பொந்தைக் கல்லால் அடைத்தார். விடியத் தொடங்கி மத்தியானம் வரை கிணற்றை இறைத்தார், தனியாக.

ஐப்பசி 30.
மழை விட்டது. பூரணத்துக்கு ஆள் தெரியவில்லை. பிதற்றல். "பொந்துக்குள்ளை விடட்டுமாம்... அம்மா சொல்லச் சொன்னவ." திரும்பத் திரும்ப.
அவர் பாயின் மறுபக்கம் குந்தியிருந்தார். "என்ரை ஊத்தைத் தண்ணிதான் மாமி, வேறை ஆரின்ரையும் இல்லை." பிறகு: "உந்தப் பொந்து கிணத்துக்குப் போறது உங்களுக்கும் தெரியாதுதானே?"
பூரணத்தைப் பார்த்தேன். கண் செருகிக் கிடந்தாள். சொல்லிவிட ஆளில்லை.
"தெரியாது" என்றேன்.
பதினொரு வருடத்துக்குப் பிறகு அவரோடு கதைத்தது அந்த ஒரு சொல்.