இருபத்து மூன்று தாள்களின் தேதி

அக்டோபர் 4, 2018, வியாழன்

எங்கள் பசைக் கம்பெனியில் பசைக்கு ஒன்றாக நான் எழுத வேண்டியவை மொத்தம் அறுபத்தொரு பாதுகாப்புத் தாள்கள். முப்பத்தெட்டு முடிந்தன. திங்கள்கிழமை புது விதி அமலுக்கு வருகிறது. பசை டப்பாக்களில் ஆபத்தைக் காட்ட இருந்த நான்கு நிறக் கட்டமும் எண்களும் இனிச் செல்லாது. சிவப்பு ஓரம் போட்ட படங்கள் வேண்டும். ஒவ்வொரு பசையிலும் என்ன கலந்திருக்கிறது, உடம்பை அது என்ன செய்யும் என்று முதலிலிருந்து பார்த்து எழுத வேண்டும். இந்த லெயோன் ஊரில் செருப்பு ஒட்டாத தெரு கிடையாது. இந்தத் தாளைப் படிக்கிற ஆளும் கிடையாது. கழுத்து வேறு பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 5, வெள்ளி

மேனேஜர் பாலோமாரெஸ் மேஜையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "இன்னும் எத்தனை, ஒர்த்தென்சியா?"

இருபத்து மூன்று என்றேன்.

"திங்கள்கிழமை ஆய்வுக்காரங்க வந்து நிப்பாங்க. பழசை அப்படியே புதுப் படிவத்துல ஒட்டி, தேதியை மாத்திடுங்க. உள்ளே எவன் படிக்கப் போறான்?"

ஒட்டினேன். 'திருத்திய தேதி: 05-10-2018.' ஒன்றுக்கு இரண்டு நிமிடம். செருப்பின் அடிப்பாகம் ஒட்டும் பசையும் அதில் ஒன்று. அதற்குக் கரைப்பான் தருகிறவர்கள் மார்ச்சிலேயே மாறிவிட்டார்கள். புதியவர்கள் அனுப்பிய தாள் மெயிலில் திறக்காமல் கிடக்கிறது. ஆய்வு முடிந்ததும் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 8, திங்கள்

ஆய்வுக்காரர்கள் தேதியைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போய்விட்டார்கள். பாலோமாரெஸ் எல்லோருக்கும் மொறுமொறு பன்றித்தோல் வைத்த ரொட்டி வாங்கித் தந்தார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 21, ஞாயிறு

நாத்தனார் ஒப்துலியா சாப்பிட வந்தாள். வாசலில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. ஒற்றைச் செருப்போடு அடுக்களை வரை வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ரமிரோ விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டுறா, தன் செருப்பைத் தெருவுல விட்டுட்டு வர்றா!"

"போண்ணே, கால் மரத்துப் போச்சு. நாள் பூரா உக்காந்தே இருந்தா உனக்கும்தான் மரக்கும்" என்றாள்.

அவளும் சிரித்தாள். நானும்தான்.

நவம்பர் 6, செவ்வாய்

ஒப்துலியா டாக்டர் செர்மெஞோவிடம் போயிருக்கிறாள். முழங்கால் வரை மரத்துவிட்டதாம். அவள் வேலை செய்யும் செருப்புப் பட்டறையிலிருந்து பசையின் தாளைக் கொண்டுவரச் சொல்லி அவர் படித்திருக்கிறார்.

"உங்க தாளுதான் அண்ணி! டாக்டரே பாராட்டினாரு. போன மாசம்தான் திருத்தியிருக்காங்க, நரம்பு பத்தி ஒண்ணுமில்லை, அப்ப பசை காரணமில்லை, சர்க்கரையா இருக்கும்னாரு. இனிமே இனிப்பு ரொட்டி கிடையாதாம். என்ன பொழப்பு இது!"

சாப்பிட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போனாள். பசை வாளிக்குத்தான்.

நவம்பர் 7

கரைப்பான் தரும் புதியவர்களின் மெயிலைத் திறந்தேன். ஹெக்ஸேன், நாற்பத்தொரு சதவீதம். தொடர்ந்து சுவாசித்தால் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். மார்பில் நட்சத்திரம் வெடித்த மனிதனின் படம் அந்தத் தாளில் போட்டிருக்கிறது. நம் தாளில் இல்லை.

நவம்பர் 8

சொல்லவில்லை.

நவம்பர் 12

ரமிரோவிடம்கூடச் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயமா? இல்லை. அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவ தினமும் மோந்துக்கிட்டிருக்கா, நான் இங்க உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டிருக்கேன். த்தூ.

நவம்பர் 15, வியாழன்

ஒப்துலியா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. விரல்களும் மரத்து, தூரிகை நழுவுகிறதாம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் பசையின் தாளை ஒழுங்காக எழுதினேன். நாற்பது நிமிடம் ஆனது. நாற்பதே நிமிடம்! அன்றைக்கு வெள்ளிக்கிழமை எனக்கு அது இல்லாமல் போயிற்றா? பாலோமாரெஸ், "இந்தப் படத்தைப் போட்டா எவன் வாங்குவான்?" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனேன்.

அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பழைய தேதி இருந்திருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்மா. கம்பெனிக்குப் போன் போட்டிருப்பேன். தேதி புதுசுங்கிறதாலதான் நம்பினேன்" என்றார்.

அந்தத் தேதியைப் போட்டது நான்தான்.

நவம்பர் 16

ஒப்துலியாவிடம் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன், ஒன்பது நாள் மறைத்ததையும் சேர்த்து. கத்துவாள் என்று நினைத்தேன். "சரி" என்றாள். அப்புறம் ரமிரோவைப் பார்த்து, "அண்ணே, என்னை வீட்டுல கொண்டுபோய் விடு" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 27

டாக்டர் அதை வேலையால் வந்த நோய் என்று எழுதி, இரண்டு தாள்களையும் இணைத்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார். அது தெரிந்ததும் பாலோமாரெஸ் புதிய தாளில் கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்றையும் முதலிலிருந்து எழுதினேன். இன்னும் இரண்டு பசைகளுக்கு அதே படம் வந்தது. வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நானே போன் செய்து, முன்பு அனுப்பியது தப்பு என்று சொன்னேன். என் வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 6, 2019, ஞாயிறு

பசையை விட்டு ஏழு வாரம் ஆகிறது. ஒப்துலியாவுக்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்கிறார் டாக்டர். இறங்காவிட்டால்? செய்து அனுப்பிய கஞ்சியை அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். நாளைக்கும் அனுப்புவேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

ரமிரோ வற்புறுத்தியதால் ஒப்துலியா சாப்பிட வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தானாகவே நடந்து வந்தாள். நான் தண்ணீர் எடுக்க எழுந்து நகர்ந்தபோது என் குதிகால் அவள் பாதத்தின் மேல் பட்டுவிட்டது.

"ஐயோ! கண்ணு தெரியலையா உங்களுக்கு? எருமை மாதிரி மிதிக்கிறீங்களே!"

ரமிரோ கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அவள் குனிந்து பாதத்தைப் பிடித்தாள். மரத்துக் கிடந்த கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். "வலிக்குது" என்றாள், மெதுவாக.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சிடு ஒப்துலியா."

"எதுக்கு? மிதிச்சதுக்கா, அதுக்கா?"

"ரெண்டுக்கும்."

அவள் பாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மிதிச்சதுக்கு மன்னிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.