குழம்பில் கலந்த பொடி

விஸ்வநத்தம்
3.6.2024

மதிப்பிற்குரிய இசைவாணி சிஸ்டருக்குப் பாண்டிமீனா எழுதுவது.

போன் தன்னை ஒட்டுக்கேட்கிறது என்று சொல்லி என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து அதை உடைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். மனநல வார்டில் நீங்கள் அவரிடம் பேசிய மாதிரியே நானும் பேசுகிறேன். செத்துப்போன தன் அண்ணன் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் முன்போல் சண்டை போடுவதில்லை. "எனக்குக் கேக்கலங்க. உங்களுக்குக் கேக்குறது பயமாத்தான் இருக்கும்" என்கிறேன். சற்று அடங்குகிறார். ஆனால் சோற்றில் விஷம் இருக்கிறது என்று அந்தக் குரல் சொல்கிறதாம். மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது. பொடித்துக் குழம்பில் போடு என்கிறான் என் தம்பி. போடவா, சிஸ்டர்?

விருதுநகர்
7.6.2024

அன்புள்ள பாண்டிமீனா அக்கா,

போடாதீர்கள். அவருக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் குரல் சொன்னது மெய்யாகிவிடும். மாத்திரை ஏன் பிடிக்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள். கை நடுக்கம் என்றால் டாக்டர் வேறு மாத்திரை தருவார். செவ்வாய்க்கிழமை கூட்டி வாருங்கள்.

இசைவாணி

விஸ்வநத்தம்
12.6.2024

சிஸ்டர்,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கலந்துவிட்டேன். பட்டாசுக் கம்பெனியில் இனி எனக்கு லீவு தரமாட்டார்கள். அவரை இப்படியே விட்டு வேலைக்குப் போகவும் பயம். தட்டில் வெள்ளையாகப் பார்த்துவிட்டார். "ஏ புள்ள, நீயுமா?" என்றார். உப்பு என்று சாதித்தேன். அவர் கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். நான்கு நாளாக என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. கடையில் பன் வாங்கித் தின்கிறார். நேற்று ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. இனி எந்த முகத்தோடு அவரிடம் பேசுவது?

பாண்டிமீனா

விருதுநகர்
14.6.2024

அக்கா,

வார்டில் அவர் ஊசி வேண்டாம் என்றபோது, சத்து ஊசி என்று நானும் ஒருமுறை பொய் சொன்னேன். வேலை சீக்கிரம் முடிந்தது. மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார்.

நீங்களும் சொல்லிவிடுங்கள். உடனே மன்னிப்பார் என்று நான் சொல்லமாட்டேன்.

இசைவாணி

விஸ்வநத்தம்
20.6.2024

சிஸ்டர்,

சொல்லிவிட்டேன். "அது மாத்திரைதாங்க. நாந்தான் பொடிச்சுப் போட்டேன். உப்புன்னது பொய்."

"அப்ப நான் கண்டது நெசந்தான். என் புத்தி அம்புட்டும் கெட்டுப்போகல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்க்க வருவார். தனியாகத்தான். நான் வரவேண்டாமாம். தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்கிறார். இந்தக் கடிதத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

நேற்று உலை பொங்கி வழிந்தது. இறக்கட்டுமா என்று வாசலிலிருந்தே கேட்டேன். "வேணாம்" என்றார். சற்றுக் கழித்து, "பக்கத்துல வந்து நின்னு பாரு" என்றார்.

போய் நின்றேன், சிஸ்டர். கையைக் கட்டிக்கொண்டு.

பாண்டிமீனா