படத்தில் ஹில்லெ எழுதும் கடிதம்

டெவென்ட்டர், 1662 ஆகஸ்ட் 9

அன்பு மகன் எவெர்ட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கை ஹில்லெயும் இங்கே நலம்; டான்சிக்கின் கடற்காற்றில் உனக்குச் சளி பிடிக்காமல் ஆண்டவர் காக்கட்டும். சொல்ல வேண்டியதை வரிசையாகக் குறித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன், ஆனாலும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வசந்தத்தில் அடுத்த வீட்டு ஓவியர் யூரியன் நம் ஹில்லெயை நம் வீட்டு மேசையருகே உட்காரவைத்து, கடிதம் எழுதும் பெண்ணாகப் படம் வரைந்தார். "சும்மா இறகுப் பேனாவைப் பிடிச்சா விரல் செத்த மாதிரி இருக்கும், நெசமாவே எழுதும்மா" என்றாராம். அவளும் அப்படி உட்கார்ந்த ஐந்து நாள் காலையிலும் உனக்கே எழுதினாள். உனக்கு வந்த அந்த எட்டுப் பக்கம் அதுதான். படம் இப்போது ஆற்றங்கரைச் சத்திரத்தில் தொங்குகிறது. போய்ப் பார்த்தேன். நம் சுவரில் உள்ள நிலப்படத்தை எடுத்துவிட்டு, மனிதர் அங்கே வில்லும் கையுமாக ஒரு மன்மதனை வரைந்திருக்கிறார்! காதல் கடிதம்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

அக்டோபரில் அவளை மணக்கவிருக்கும் வோல்டர் அங்கே பீர்ப் பீப்பாய் இறக்கப் போனபோது, "என்னடா வோல்டர், உன் பொண்ணு யாருக்கு இப்படிச் சிரிச்சுச் சிரிச்சு எழுதுது? உனக்குத்தான் எழுத்துக்கூட்டவே வராதே!" என்று ஒருவன் சீண்டியிருக்கிறான். அன்றிலிருந்து வோல்டர் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை; கோயிலில் திருமண அறிவிப்பையும் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டான். அவன் பீப்பாய்ப் பட்டறை வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பி, நான்காம் முறை உள்ளே நுழைந்து, அவள் எழுதியது அண்ணனுக்கு என்றேன். "அண்ணனுக்கு எழுதுறப்ப எந்தப் பொண்ணு, வாத்தியாரையா, அப்படிச் சிரிப்பா?" என்றான். நேரே வீட்டுக்கு வந்தேன். ஹில்லெயைக் கேட்டால், "அவரைப் பத்தி எழுதினப்பத்தான்ப்பா சிரிச்சேன். அதை நானே போய்ச் சொல்லணுமா? நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நான் செய்வது சரியா என்று எனக்கே சந்தேகம்தான். இருந்தாலும், அந்தக் கடிதத்தில் வோல்டரைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தை ஒரு சொல்லும் விடாமல் படியெடுத்து, முதல் கப்பலில் அவன் பெயருக்கே அனுப்பிவை. படித்துக்காட்டச் சொல்லி அவன் யாரிடமாவது போயாக வேண்டும். சத்திரத்து ஆட்களிடம் போக மாட்டான். இந்தத் தெருவில் பிறருக்குக் கடிதம் படித்துச் சொல்பவர்கள் நானும் ஹில்லெயும்தான். அன்று எனக்குக் கண்வலி வந்துவிடும்.

உனக்கு நல்ல உடலும் அமைதியான மனமும் என்றும் கிடைக்கட்டும். மறந்துவிடாதே, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுது. அவனுக்குப் படித்துக்காட்டும்போது ஹில்லெ ஒரு சொல்லிலும் தடுக்கிவிடக் கூடாது.

உன் அப்பா,
கெர்பிராண்ட்