பச்சை வர்ணத்தின் கீழே

உ
வேலேந்திய பெருமான் திருவருள் முன்நிற்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்,
பிரபவ வருஷம், ஐப்பசி மாதம்.

பினாங்கில் தங்கியிருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு மாமனார் சபாபதி ஆசி கூறி எழுதுவது. நானும் என் மகள் புஷ்பவல்லியும் சுகமே. அவளுக்கு இது ஏழாம் மாதம். காலில் சற்று வீக்கம் கண்டிருக்கிறது, பசிக்குக் குறைவில்லை. தாங்கள் அனுப்பிய அட்டிகை வந்து சேர்ந்தது. மறுநாட் காலை அதை அணிந்துகொண்டு வந்து என்னை வணங்கினாள். நன்றாயிருக்கிறது என்றேன். விலையை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி நம் மாட்டுவண்டிக்காரர் சங்கத்து விஷயம். நம் வண்டிக்காரர்கள் மாடுகளையும் வண்டிகளையும் ஆவணியிலேயே விற்று, மோட்டார் லோரிக்கு முன்பணமாகத் தங்கள் கையில் கொடுத்தார்கள். மீதிக்கு அம்பாங் தெருச் செட்டியார் கடன் தர இசைந்திருக்கிறார். சங்கத்தின் வண்டிக் கொட்டகை நிலத்தை ஈடாக எழுதி, வருகிற வெள்ளிக்கிழமை தலைவன் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். அந்த நிலம் போனால் இந்த மனிதர்களுக்கு ஒதுங்க வேறு இடமில்லை என்பதைக் காரியதரிசியாகிய தாங்கள் அறிவீர்கள்.

கப்பலில் பெட்டியோடு வந்திறங்கிய புத்தம்புது லோரி என்று சொல்லித் தாங்கள் அதைக் கொட்டகையில் விட்டுச் சென்றீர்கள். இரண்டாவது லோரியைப் பார்க்க அன்றைக்கே பினாங்குக்கு ரயிலேறினீர்கள். போகும்போது, லோரிப் பூசைக்கு எலுமிச்சம்பழம் மட்டும் நசுக்கினால் போதும், நீர் தெளித்துச் சந்தனம் பூசினால் புது வர்ணம் கெடும் என்று இருமுறை சொன்னீர்கள். ஒரு முறை சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

லோரி நின்ற இடத்தில் தரையெல்லாம் எண்ணெய். வண்டிக்காரத் தம்புசாமி அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, நம்ம மாடு சாணி போட்டா அள்ளி எருவாக்கலாம். இவரு போடுறத யாரு அள்ளுறது?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மிதிகட்டையின் ரப்பர் நடுவில் தேய்ந்து வழவழப்பாயிருந்ததைப் பார்த்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசையைக் குறைத்துச் செய்ய என்னால் முடியாது. மஞ்சள் நீரால் முன்புறத்தைத் துடைத்தேன். விளக்குகளுக்கு நடுவே பச்சை வர்ணம் பொருக்காக உப்பியிருந்தது. துணி பட்டதும் வட்டமாகக் கழன்று விழுந்தது. கீழே சந்தனப் பொட்டு, அதன்மேல் நெய்யில் குழைத்த குங்குமம். சுற்றிலும் பழைய சிவப்பு வர்ணம். எனக்கு முன்பே வேறொருவர் இதே இடத்தில் இறைவனை வேண்டியிருக்கிறார். உடனே புதுச் சந்தனத்தை அதன்மேல் அப்பி மறைத்துவிட்டு, தேங்காயை உடைத்தேன். மற்றவர் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் கிள்ளானுக்குச் சென்றேன். லோரிகளுக்கு இப்படிப்பட்ட பச்சையை அங்கே பூசுகிறவர் பக்கிரிசாமி ஒருவரே என்று விசாரித்து அறிந்தேன். பொட்டைப் பற்றிக் கேட்டதும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். "பழைய வர்ணத்த எல்லாம் சுரண்டச் சொன்னாங்க, ஐயா. சாமிக்கு வச்ச பொட்டுல எப்படி உளி வைக்கிறது? கையெடுத்துக் கும்பிட்டுட்டு அது மேலேயே பூசிட்டேன்" என்றார். அவர் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் எனக்கு இந்த உண்மை கிட்டியிராது. சுரண்டச் சொன்னது யார் என்று கேட்டேன். வாளியிலிருந்த வர்ணத்தைத் தூரிகையால் கலக்கினார். பிறகு, "வீட்டுல பாப்பா நல்லா இருக்குதா, ஐயா? மாசமா இருக்குறதா கேள்விப்பட்டேன்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் மகளைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்?

ஒருவரைத் தெளிந்து ஏற்றபின் அவர்மேல் ஐயங்கொள்வது தீராத நோய் என்று கோயிலில் அமர்ந்து பிறர்க்குச் சொல்லி வந்தவன் நான். இப்போது அந்த நோயோடுதான் உறங்கி எழுகிறேன். தாங்களும் ஏமாற்றப்பட்டிருக்கலாம். விற்றவன் தங்களிடமும் பொய் சொல்லியிருக்கலாம். அப்படியானால் சந்தனம் பூச வேண்டாமென்று சொன்னது ஏன் என்பதற்கு மட்டும் எனக்கு விடை வேண்டும். அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நான் கையெழுத்திடப் போவதில்லை. செட்டியாருக்கு ஆளனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையில் அங்கத்தினர் கூடுகிறார்கள். லோரி பழையது என்பதை நானே அவர்களுக்குச் சொல்வேன். வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டியவர் தாங்கள். அந்த இடத்தில் நான் தங்களுக்காகப் பொய்யும் சொல்லமாட்டேன், தங்களை முந்திக்கொண்டு குற்றமும் சாட்டமாட்டேன். தாங்கள் வராவிட்டால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். மாடு இழந்தவர்களின் முடிவு மென்மையாயிராது.

சனிக்கிழமை ரயிலிலேயே வந்துவிடுங்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள். குளித்து, என்னோடு உண்டு, மறுநாள் என் பக்கத்தில் நடந்து கொட்டகைக்கு வரலாம். புஷ்பவல்லியிடம் மாப்பிள்ளை வருகிறார் என்பதை மட்டுமே சொல்லியிருக்கிறேன். முருங்கைக்காய் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டாள்.

செந்தூர் வேலவன் தங்களுக்கு உண்மையைச் சொல்லும் நாவும் அதைத் தாங்கும் நெஞ்சும் அருள்க. தங்கள் மனைவி நீடூழி சுமங்கலியாய் வாழ்க. பிறக்கப்போகும் குழந்தை, தகப்பன் பெயரை ஊரார் நடுவில் தலைநிமிர்ந்து சொல்லும்படி வளர்க.

இங்ஙனம்,
தங்கள் வரவை எதிர்நோக்கும்
சபாபதி