மேலங்கி கேட்ட நிருபம்

தூத்துக்குடி
9-2-1976

அன்புள்ள மகன் எபனேசருக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகமாய் என்று சேர்க்க நினைத்தேன், இந்த வாரம் அது பொருந்தாது. ஜெர்மனியில் நீ சுகமாய் இருப்பது உன் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்ததில் தெரிந்தது. கிறிஸ்துமசுக்கு மறுநாள் தபால்காரர் சொரிமுத்து கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு வரி கடிதம் இருக்கும் என்று பக்கம் பக்கமாய் உதறிப் பார்த்தேன், ஆசிரியரின் வணக்கங்களுடன் என்று அச்சடித்த சீட்டு ஒன்று விழுந்தது. போன மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் எழுத்து அது, அதுவும் அச்சகத்தார் கோத்தது.

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வேதாகமத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதியதாக இருக்கும் நிருபக் கடிதங்களைப் பவுல் எழுதவில்லை, அவற்றிலுள்ள சொற்கள் அவருடைய சொற்களே அல்ல, அவர் காலமான பிறகு சீடன் எவனோ அவர் பெயரில் எழுதினான் என்கிறாய். சபையில் கேள்விப்பட்ட சிலருக்குக் கோபம், எனக்கு அதிர்ச்சி இல்லை. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் முதலாளியின் கடிதங்களை எல்லாம் எழுதியவன் நான், கையெழுத்து மட்டும் அவருடையது. அவர் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் நாலு பேர் அவருடைய ஆங்கில நடையைப் புகழ்ந்தார்கள், நானும் தலையாட்டினேன். அடுத்தவர் பெயரில் எழுதுவது நம் வீட்டுக்குப் புதிதல்ல, ஆகவே செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்து தெரிவதில்லை. நீ எழுதாமல் ஆறு மாதம் போனதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உன் பழைய ஏர்மெயில் தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ எழுதியதாக நானே ஒரு கடிதத்தை வாசித்தேன். அப்புறம் இன்னும் இரண்டு. அவற்றில் நீ மிக நல்ல பிள்ளையாக அமைந்துவிட்டாய். அம்மாவின் கண்ணை விசாரித்தாய், எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டாய். மூன்றாவதற்கு உன் கட்டுரையே உதவியது. துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா என்று கேட்கிற சில வரிகள் மட்டும் பவுலின் சொந்த வரிகளாக இருக்கலாம், அவ்வளவு அற்பத் தேவையைக் கற்பனையில் யாரும் எழுத மாட்டார்கள் என்று சொல்லியிருந்தாய். நான் எழுதினேன். குளிர் தாங்கவில்லை, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள் என்று சேர்த்து வாசித்தேன்.

உடனே எழுந்துவிட்டாள். பெட்டியைத் துழாவிச் சட்டையை எடுத்து, அலசி, காய வைத்து, அறுந்திருந்த பொத்தானைத் தடவித் தடவித் தைத்தாள். மறுநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தபாலாபீசுக்கு வந்து பார்சல் போட்ட பிறகுதான் காப்பி குடித்தாள். போன வியாழக்கிழமை கண் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார், மார்ச் பன்னிரண்டு. இவள் மாட்டேன் என்றுவிட்டாள். இனியும் தள்ளினால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதற்கு, "கண்ணு தெரிஞ்சி நான் எதப் படிக்கப் போறேன், எல்லாம் இவுக எழுதுனதுதான" என்று அவர் முன்னாலேயே சொன்னாள். எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "எம் புள்ள எந்தக் காலத்துல மன்னிச்சிரும்மான்னு கேட்டிருக்கான்? எங் கண்ண அவன் என்னைக்கு விசாரிச்சான்? கம்பளி கேட்டான் பாத்தியளா, அது ஒண்ணுதான் அவன். அதான் அனுப்புனேன்" என்றாள். உங்கள் பல்கலைக்கழகம் நூலகம் நூலகமாய்த் தேடி வந்த முடிவுக்கு உன் அம்மா கண் இல்லாமல் மூன்றே கடிதத்தில் வந்து சேர்ந்தாள்.

பன்னிரண்டாம் தேதிக்குள் வந்து சேரும்படி உன் கையால் ஒரு வரி எழுது. டைப் அடிக்காதே, உன் கிறுக்கல் எழுத்தை சொரிமுத்து கூட சாட்சி சொல்வார். நலம் விசாரிக்காதே, மன்னிப்பும் கேட்காதே, அவள் நம்பமாட்டாள். ஏதாவது வேண்டும் என்று கேள். கர்த்தர் உன்னைக் குளிரிலிருந்தும் புகழிலிருந்தும் காத்துக்கொள்வாராக. மறந்துவிடாதே, மார்ச் பன்னிரண்டு.

இதை எழுதியவரும் கையெழுத்திடுகிறவரும் ஒரே ஆள்தான்,
உன் அப்பா பால்துரை

பி.கு. கீழே கோணலாய்ப் பெரிய எழுத்தில் இருப்பது, அம்மா என்னிடமிருந்து பேனாவை வாங்கித் தானே எழுதியது.

சட்டை கெடச்சா எழுதாண்டாம். போட்டுக்கோ.